அறிவித்தல்: மூன்றாம் வரைவு

மாவட்டச் செயலகத்தின் இரண்டாம் மாடி.
குளிரூட்டி சொட்டும் இடத்தில் ஒரு வாளி.
அதை விலத்திப் போட்ட நீள மேசையில்
வெள்ளம் ஐப்பசியிலேயே வந்துவிட்டது:
வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள்,
தாளின் மேல் நீல மார்க்கர்.

மேஜர் ஹேவாவிதான ரூகம் குளத்தைத் திறந்தார்.
முந்தனை ஆறு கரை மீறியது.
கிரானுக்கு அப்பால் பாதை அறுந்தது.
படகு பதினான்கு, டிரக் ஒன்பது,
உலருணவு மூன்று நாளைக்கு.
நான் மொழிபெயர்ப்பாளர், தரம் இரண்டு.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் இறக்குவதும்
தமிழில் வருவதைச் சிங்களத்தில் ஏற்றுவதும்,
லொறி வேலைதான்.

விரலை ஓர் இடத்தில் வைத்தார். இது என்ன ஊர்?
புலிபாய்ந்தகல்.
அர்த்தம்?
புலி பாய்ந்த கல், சேர்.
அறை மூச்சைப் பிடித்துக்கொண்டது.
எந்தப் புலி?
நாலு கால் புலி, சேர். பழைய பேர்.
முதலில் சிரித்தவர் அவர்தான்.
பிறகு நாங்களும் சிரித்தோம்,
அளவாக.

மெஹெயும என்று அவர் சொல்லும் ஒவ்வொரு தடவையும்
நடவடிக்கை என்று எழுதினேன்.
இந்தக் கைக்கு அந்தச் சொல் பழக்கம்.
இப்போது அதன் முன்னால்
நிவாரண என்று ஒட்டியிருக்கிறார்கள்.
பசை இன்னும் காயவில்லை.

கடைசியாக ஒரு தாள் தந்தார்கள்,
ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்வதற்கு:

*பொதுமக்கள் உடனடியாக வீடுகளை விட்டு வெளியேறி
பாடசாலை மைதானத்தில் ஒன்றுகூடவும்.
அடையாள அட்டை கொண்டு வரவும்.
ஆண்கள் ஒரு வரிசை. பெண்கள் ஒரு வரிசை.*

பிழை ஒன்றுமில்லை.
கணக்கெடுக்க அட்டை வேண்டும்.
மலசலகூடம் இரண்டு பக்கமாக இருக்கிறது.
பேனைதான் இறங்க மறுத்தது.

என்ன, என்றார் கப்டன் தெனகம.
சண்டை முடிந்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தவர்.
இப்படிக் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள், சேர்.
ஏன்?
பதினாறு வருட உத்தியோகத்தில்
அகராதி என்னைக் கைவிட்டது அன்றைக்குத்தான்.
முன்னமும் கூப்பிட்டிருக்கிறார்கள், என்றேன்.
வந்து நின்றவர்களில் சிலர்
வீட்டுக்குத் திரும்பவில்லை.

அவர் வாளியைப் பார்த்தார்.
அது நிரம்பி விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது.
வரிசை இரண்டையும் தன் பேனையால் வெட்டினார்.
அட்டையை
வட்டம் போட்டு விட்டுவைத்தார்.

மார்கழியில் வந்தது நீலமில்லை,
தேத்தண்ணி நிறம்.
மார்க்கர் போன வழியால் அது போகவில்லை.
படகின் முனையில் குந்தியிருந்து
மூன்றாம் வரைவை வாசித்தேன்.
பாதியில் தாள் நனைந்து கிழிந்தது.
மிச்சத்தை வாயில் வந்தபடி சொன்னேன்:
தண்ணி ஏறுது. விரும்பினாக்கள் ஏறுங்க.
அட்டை இல்லாட்டியும் ஏறுங்க.

இப்படித்தான் நாற்பத்தொரு பேர்.

வாய்க்கால் கட்டில் தெய்வானைப்பிள்ளை நின்றாள்,
முழங்கால் தண்ணீரில், பதினொரு எருமையோடு.
என்ர மாட்டுக்கு என்ன வழி மனே?
இறக்கினேன், ஏற்றினேன்.
திட்டத்தின் அட்டவணையில்
எருமைக்குக் கட்டம் கிடையாது.
கப்டன் வோக்கியில் கேட்டார்.
நெடுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு இன்ஜினைத் தணித்து
எருமைகளுக்கு முன்னால் படகை விட்டார்
மேட்டு வீதி மட்டும்.
பின்னால் இருபத்திரண்டு கொம்புகள் நீந்தி வந்தன.

அவளுக்கென்று பலகையில் இடம் விட்டிருந்தோம்.
ஏறவில்லை.
தாய் எருமையின் வாலைப் பிடித்தபடி
படகை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே
கரை வந்து சேர்ந்தாள்.

இரவு, டோர்ச் வெளிச்சத்தில் அறிக்கை.
மீட்கப்பட்டோர்: 41.
அவளைச் சேர்ப்பதா, என்று கேட்டார் கப்டன்.
இரண்டு மொழியிலும் தேடினேன்.
அவரே ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் எழுதினார்:
எருமை 11.
ஆளுக்கு ஒரு கோடு போட்டார்,
கோட்டை அழித்தார்,
அழித்த இடம் தெரியத்தான் செய்தது.