நாற்பத்தொரு நாள்

அரண்மனைக்குள் நுழைந்த முதல் காலை
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
கழிவறை எந்தப் பக்கம்?
காவலாளிக்குத் தெரியவில்லை.
அவனும் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தான்.

பசிலியா யுஹ்ரா.
நில அளவைத் துறையில் இருபத்தாறு வருஷம்.
ஆண்டிஸ் சரிவில் எந்த ஓடை
எந்த ஊர் வாய்க்காலில் போய் விழும் என்று
வரைபடம் விரிக்காமல் சொல்வாள்.
அவளைத் தேர்ந்தது அதற்காக அல்ல.
சுரங்கச் சங்கமும் மாணவர் குழுவும் ராணுவமும்
விடிய விடியக் கத்தித் தொண்டை கட்டியபோது
யாரும் அடித்துத் திருத்தாத பெயர்
பட்டியலில் அது ஒன்றுதான் மிச்சம்.
செய்தி போனபோது அவள்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
"எத்தனை நாளுக்கு?" என்றாள்.

பழைய அதிபர்கள் தொங்கிய இடமெல்லாம்
சுவர் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.
கடைசிச் சதுரத்தில் ஆணி மட்டும்.
அதில் தன் தொப்பியை மாட்டினாள்.
மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்.
அவமதிப்பு என்றது ஒன்று,
எளிமை என்றது இன்னொன்று.
தொப்பி வைக்க அந்த அறையில் வேறு இடமில்லை என்று
யாரும் எழுதவில்லை.

இடைக்கால அதிபர்.
வானொலியில் அந்த முதல் சொல்லுக்குப் பின்
அறிவிப்பாளன் லேசாக நிறுத்துவான்.
இடை என்றால் நடு.
இடை என்றால் இடுப்பும்தான்,
தலைச்சுமை காலுக்கு இறங்கும் வழியில்
முதலில் ஒடிகிற இடம்.

மூன்றாம் நாள் கோதுமை மாவு தீர்ந்தது.
ஏழாம் நாள் கடவுச்சீட்டு அச்சடிக்கத் தாள் தீர்ந்தது;
ஓட இருந்தவர்களுக்குத் திடீரென நாட்டுப்பற்று வந்தது.
ஒன்பதாம் நாள் ஒருவன் எட்டு மணி நேரம் நடந்து வந்து,
தன் லாமாக்களைத் திருடியவன் மீது
வழக்கு இருக்கிறது என்றான்.
"ஆட்சி கவிழ்ந்தால் வழக்கும் கவிழுமா, அம்மா?"
அவள் சிரித்தாள்.
அந்த வீட்டில் அவள் சிரித்ததை
அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் இரவு
கர்னல் ஒர்துன்யோ மேஜையில் ஒரு தாள் வைத்தார்.
அரைப் பக்கம்.
பாலத்தில் கூட்டம். லாரிகள் நகரவில்லை.
குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன்
ஆறு மணி நேரத்துக்கு.
எல்லாம் உண்மை. போன் போட்டு விசாரித்தாள்.
பாலத்தில் நிற்பவர்கள்
அவளை இங்கே உட்கார வைத்தவர்கள்.
அதுவும் உண்மை.
"ரப்பர் குண்டுதான்," என்றார்.
"எழுத்தில் இருக்கிறதா?"
"எழுத்தில் எதற்கு?"

இரு முனையும் எரியும் குச்சியில் எறும்பு
அங்குமிங்கும் ஓடவாவது செய்யும்.
அவளுக்கு நாற்காலி.

ரப்பர் என்ற சொல்லைத் தன் கையால் செருகி
கீழே கையெழுத்துப் போட்டாள்.

நான்கு பேர்.
வில்மர் காலிசாயா, ருஃபினா சோக்கே,
அண்ணன் தம்பி என்று முதலில் நினைத்த இருவர்,
பிறகு பார்த்தால் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள்.
லாரிகள் விடியுமுன் வந்து சேர்ந்தன.
குழந்தைகள் மூச்சு விட்டன.
இதை அவள் எங்கும் சொல்லிக்காட்டவில்லை.
சொன்னால் கணக்காகிவிடும்,
கணக்கென்றால் நேராகிவிடும்.

அந்தத் தாளை அப்படியே
அரசிதழில் அச்சிடச் சொன்னாள்.
கர்னல் கெஞ்சினார், பிறகு மிரட்டினார்,
பிறகு தன் பெயரை மட்டுமாவது எடுக்கச் சொன்னார்.
அச்சானது.
செருகிய சொல், மை பரவிய இடம்,
அவசரத்தில் வால் நீண்ட கையெழுத்து,
எல்லாம் அப்படியே.

மற்ற முப்பது நாட்களில் தேர்தல் நடத்தினாள்.
அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை,
பெட்டிகள் வந்தன, எண்ணினார்கள்.

புதியவர் பேண்டு வாத்தியத்தோடு வந்தார்.
அவள் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தாள்.
வண்டி வேண்டாம் என்றாள்.
சுற்றிப் போனால் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம்,
பாலம் வழியாக இருபது நிமிஷம்.
பாலம் வழியாகப் போனாள்.

நடுவில் ஒருத்தி பழைய போர்வை விரித்து
எலுமிச்சை, பேட்டரி, செருப்பு வார் விற்றுக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.
துப்பவில்லை, கும்பிடவில்லை.
"விரிப்பை மிதிக்கிறாய்," என்றாள்,
"தள்ளிப் போ."