ஒட்டுக்குக் கழிவு

திருவாரூர் அருங்காட்சியகத்தில்
மூன்று வாரத்துக்கு மட்டும்
புல்வெளித் தேசத்துப் பொன்.
சனிக்கிழமை அரைநாள் முடிந்து
உரைகல்லையும் தராசையும் மேசைக்குள் பூட்டிவிட்டு
நேரே வந்தேன்.

பத்தொன்பது வருஷமாகக்
கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர்.
கழுத்தைத் தாண்டி முகம் பார்க்கத் தெரியாதவள் என்று
பக்கத்து சீட்டில் கேலி உண்டு.

கண்ணாடிக்குள் ஒரு மான்,
உள்ளங்கை அகலம்.
கொம்பு முதுகு நெடுக
வாய்க்கால் வாய்க்காலாகச் சுருண்டு போகிறது.
கால் நான்கும் வயிற்றுக்கடியில் மடங்கி.
இந்த ஊரில் கால் மடக்கினால்
அசைபோடுகிறது என்று அர்த்தம்.
அட்டையில் எழுதியிருக்கிறது: பாயும் மான்.

"எத்தனை பவுன் இருக்கும்?"
வருகிறவர்கள் காவலர் பக்கிரிசாமியைத்தான் கேட்கிறார்கள்.
அவர் மின்விசிறியைப் பார்க்கிறார்.
நான் மனசுக்குள் போட்டுவிட்டேன்:
பதினாறு.
அழுக்கு, அரக்கு, கண்ணில் பதித்த கல், இரண்டு கழித்து
பதினாலுக்கு எழுதலாம்.
பிறகுதான் உறைத்தது,
யார் பெயருக்கு?

சிட்டா இல்லை அவர்களுக்கு, அடங்கல் இல்லை.
வரப்புக்கு ஒரு சொல்கூட இருந்திருக்காது.
பூட்டக் கதவில்லாததால்
இருந்ததையெல்லாம் இடுப்பில் கட்டி
குதிரைக்கும் கொஞ்சம் பூட்டி
கிளம்பிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு நிலம் இருக்கிறது.
அதனால்தான் கழுத்தில் நகை தங்குவதில்லை.
மேட்டூர் திறந்த மறுநாள் கவுண்டரில் வரிசை.
விதைக்கு வளையல்,
நடவுக்குச் சங்கிலி,
கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருஷம்
தோடும்.
மாசியில் மீட்டால் ஆனியில் மறுபடி என்னிடம்.
குடவாசல் தையல்நாயகியின் இரட்டைவடம்
அவள் கழுத்தில் இருந்ததைவிட
எங்கள் பெட்டகத்தில் கிடந்த நாள் அதிகம்.
கொக்கிக்குப் பக்கத்தில் அதில் ஒரு பற்றவைப்பு,
மட்டம் குறைந்த பொன், சற்றே வெளுப்பு.
இருட்டில் தடவினாலும் சொல்வேன்.

ஐந்து மணி.
பக்கிரிசாமி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க
ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழுந்தது மான்மேல்.
பின்னங்கால் மடிப்பில்
அதே வெளுப்பு.

ஒடிந்திருக்கிறது.
போகிற வழியில் யாரோ
கைக்குக் கிடைத்த மட்டப்பொன்னில்
அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள்.
இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு என்கிற அட்டையில்
அந்த அவசரம் இல்லை.

விரல் கண்ணாடியில் பட்டுவிட்டது போல.
"தொடாதீங்க மேடம்."
"ஒட்டுக்கு அரை கிராம் கழிக்கணும்" என்றேன்.
அவர் ஒரு கணம் யோசித்து
சரி என்று தலையாட்டி
கடைசி விளக்கையும் அணைத்தார்.