நான்காவது பத்தி

தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள்
கழுத்தோடு கழுத்து கட்டிக் கிடக்கின்றன.
புயல் காப்பக மாடியில் ஒற்றை மேசை,
அதன்மேல் தலைமையாசிரியை கொடுத்தனுப்பிய படிவம்.
வாரம், பாடம், நோக்கம், மதிப்பீடு.
மேலே கொட்டை எழுத்தில்:
நடிப்பு, உயர்நிலை, பன்னிரண்டாம் வகுப்பு.

உயர்நிலை என்றால் என்னவென்று கேட்டேன்.
"போன வருஷம் நாடகம் போட்ட பிள்ளைங்கதானே,
அதுக்கு மேல ஏதாவது சொல்லிக் குடுங்க டீச்சர்."

ஒன்று: மூச்சு.
இருபது எண்ணும்வரை அடக்குதல் என்று எழுதி
அடித்தேன்.
நம்புசெல்வி சனிக்கிழமை பாசி எடுக்கப் போகிறவள்.
கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி,
பாறை இடுக்கில் அவள் தலை மறைந்ததும்
கரையில் நின்று எண்ணினேன்.
எழுபதில் பயந்து விட்டுவிட்டேன்.
அடக்கத் தெரியும் அவளுக்கு.
மேடையில்தான் முதல் வரியை
மொத்தமாய்க் கொட்டிவிட்டு விழித்து நிற்பாள்.
ஒன்று: மூச்சு விடுதல்.

இரண்டு, மூன்று: உடல்.
பாலத்துக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
பெயர் வைத்தது யார் என்று போன வருடம்
பாதி வகுப்பு சண்டை போட்டது.
ஐப்பசி வாடையில் பெண்கடல்தான்
பலகையைப் பிளக்கும் என்றான் ரொசாரியன்.
பையன்கள் வாடைக் காலத்து வடகடலாய் நடக்கட்டும்,
பெண்கள் அதே மாதத்துத் தென்கடலாய், சத்தமில்லாமல்.
சுல்தானியா சிரிப்பாள்.
அவள் சிரித்து முடிக்க ஒரு பீரியட்.

நான்கு: காத்திருத்தல்.
ரயில் பாலம் ஏறினால் யார் குரலும் கேட்காது.
அத்தனை பெட்டியும் போகும்வரை
ராஜா ராஜாவாகவே நிற்க வேண்டும்.
வாட்சைப் பார்க்கக் கூடாது.

ஐந்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.
படகு கரைக்கு வரும் காலைகளில்
பாதிப் பேர் இறால் பிரிக்கப் போய்விடுவார்கள்.
ஆறு இல்லை.

ஏழு: பிணம்.

போன மார்ச்சில் கிப்சன்தான் பிணம்.
வசனமில்லை என்று கேட்டு வாங்கிய வேடம்.
மூக்கில் பஞ்சு வைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்து
நான்தான் கட்டினேன்.
ஒத்திகையில் எல்லோரும் சிரித்தோம்.
அன்றைக்கு மூன்றாவது வரிசையில் அவன் அம்மா.
அவன் அப்பா போன வள்ளம் திரும்பியது, அவர் இல்லாமல்.
படுக்கவைத்துப் பார்க்க
அந்த வீட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
தெரிந்தேதான் பஞ்சு வைத்தேன்.

அந்த அழுகை நாடகத்தின் அழுகை இல்லை.
மேடையில் ஒப்பாரி வைத்த இரண்டு பேரும்
வாயை மூடிக்கொண்டார்கள்.
கிப்சன் எழுந்து உட்கார்ந்தான்.
"அம்மா, நாந்தான். இங்கதான் இருக்கேன்."
பஞ்சில் அடைத்துப் போயிருந்தது குரல்.
அம்மா தலையாட்டும்வரை பார்த்தான்.
பிறகு படுத்து, கட்டிய விரல்களை நேராக்கி,
கண்ணை மூடினான்.
விட்ட இடத்தில் ஒப்பாரி தொடங்கியது.

பாத்திரத்தை விட்டு வெளியேறினான் என்று
நடுவர் ஐந்து மதிப்பெண் குறைத்தார்.
நான் என்றால்
எழுந்ததற்குப் பத்து,
மறுபடி படுத்ததற்குப் பத்து.
நான்காவது பத்தி இரண்டு விரல் அகலம்.
இதை எப்படி அதில் எழுதுவது?

இந்த வருடம் பிணம் வேண்டாமென்றுதான் இருந்தேன்.
நேற்று ஐஸ் கம்பெனி வாசலில்
சைக்கிளை நிறுத்திக் கேட்டான்:
"டீச்சர், இந்த வருஷமாவது எனக்கு வசனம் உண்டா?"
நீளமாகவா, சின்னதாகவா என்றேன்.
தோளில் இருந்த ஐஸ் தூளைத் தட்டிவிட்டு
கொஞ்சம் யோசித்தான்.
"எந்திரிக்காமச் சொல்ற மாதிரி."

எட்டு என்று எழுதி
பக்கத்தில் அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.
காற்றில் படிவம் பறக்கிறது.
மேலே சோற்றுவாளியைத் தூக்கி வைக்கிறேன்.