முப்பது அங்குலம்

மாலகி டெவனியின் செருமலை வெட்டியவன் நான்.
டப்ளினில், எழுபத்தெட்டு நவம்பரில்,
சவர பிளேடால், சாய்வாக,
ஒரே இழுப்பில்.
நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடுகிற நாடா.
இரண்டு நொடிக்கு முப்பது அங்குலம்.
கணக்கு அவ்வளவுதான்.

கப்பல் துறையைவிட்டு நகரும்
மூன்றாம் சரணத்துக்கு முன்னால்
தொண்டையைச் செருமிக்கொள்வார், எந்த மேடையிலும்.
கறை என்று நினைத்தேன் நான்.
அப்போது எனக்கு முப்பது வயது,
துடைத்து வைத்த கண்ணாடிதான் சங்கீதம்.

இசைத்தட்டு வெளியானது.
பின்னாலேயே வந்தன கடிதங்கள்.
லீட்ரிமில் பஸ் ஓட்டும் அட்ராக்டா மகவர்ன்
மின்சார பில்லின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள்:
‘பாட்டு இருக்கிறது. மாலகி எங்கே?’
கில்லிபெக்ஸ் மீன்துறையிலிருந்து ஒருவன்
காசைத் திருப்பிக் கேட்டான்.
காகிதத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
அதைச் சுரண்டி எடுத்தது நினைவிருக்கிறது.
பதில் போட்டேனா என்பது நினைவில்லை.

மாலகியிடமே ஒருமுறை கேட்டேன்.
கோட்டின் ஒரு கைக்குள் கையை நுழைத்தவர்
மறு கையை மறந்து நின்றார்.
‘செருமுகிறேனா? நானா?’
அதன்பின் ஒரு மாதம்
செருமாமல் பாடிப் பார்த்தாராம்.
நிகழ்ச்சி முடிந்து ஜனங்கள் மேடைக்கே வந்து
உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்களாம்.

அவர் போய் ஒன்பது வருஷம்.
பிப்ரவரிதோறும் ஆர்டராவில்
பிரீஜ் கில்டேயின் மதுக்கடைப் பின்னறையில் கூடுகிறார்கள்.
இந்த வருஷம் நானும் போனேன்.
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
கோட்டுப் பையில் ஒரு புகையிலை டப்பா,
டப்பாவுக்குள் அந்த முப்பது அங்குலம்.
கொடுத்துவிட்டு வரலாம் என்று.
யாரிடம், என்ன சொல்லி,
அதெல்லாம் யோசித்திருக்கவில்லை.

கரிநிலத்துப் புகையால் வந்த செருமல் என்றார் ஒருவர்.
இல்லை, தம்பி ஏறிப்போன கப்பல் அது,
அந்த வரியில் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்
என்றாள் டெர்ரியிலிருந்து வந்திருந்தவள்.
தம்பியே கிடையாதே அவருக்கு, என்றது ஒரு மூலை.
அப்படியானால் யாருடைய தம்பியோ, என்றாள் அவள்
கொஞ்சமும் அசராமல்.

பிறகு பாட்டு.
தனியாக யாரும் பாடவில்லை,
யாரும் தொடங்கியதாகவும் தெரியவில்லை.
முதல் சரணம். இரண்டாம் சரணம்.
நாற்பது பேர் நின்றார்கள்.
நாற்பது தொண்டைகள் செருமின.
அதில் ஒன்று
மேசைமேல் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பையனுடையது.
மாலகி இறந்த பிறகு பிறந்தவன்.
முஷ்டியை வாயருகே கொண்டுபோய்
அதையும் பாட்டின் சொல்லாகவே செருமினான்.
கப்பல் நகர்ந்தது.

முடிந்ததும் சண்டை.
ஒரு செருமலா, இரண்டா?
‘இரண்டு’ என்று மேசையைத் தட்டினான் கோனல் பிரெஸ்லின்,
மீன்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்.
(கையெழுத்து ஞாபகம் வந்தது எனக்கு.)
‘ஒன்றுதான், பெரியது’ என்றார்கள் எதிரில்.
ஒன்றரை.
ஒரு முழுச் செருமல்,
இன்னொன்று தொடங்கி, மனம் மாறி,
மூச்சாகவே இறங்கிவிட்டது.
ஆயிரம் முறை கேட்டவன் நான்.
சான்று இடுப்பருகே கனத்தது.
வாயைத் திறக்கவில்லை.

அட்ராக்டாவுக்கு எண்பது தாண்டியிருக்கும்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
பையின் புடைப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள்:
‘புகையிலையா? ஒரு சுருட்டுக்குக் கொடேன்.’
காலி டப்பா என்றேன்.
வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தாள்.
சருகுபோல் உள்ளே எதுவோ புரண்டது.

என்னைப் பார்த்தாள்.
மூடியைத் திறக்காமல்
என் முழங்கால்மேல் வைத்தாள் டப்பாவை.

‘அப்படியானால் ஒரு கிளாஸ் ஸ்டவுட் வாங்கிக் கொடு’ என்றாள்.