செல்லாது என்று எழுதிக் கொடுத்தது

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடியில் இருக்கிறது எங்கள் பணமாற்றுக் கடை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் கிளாரிபெல்,
அவளுக்குப் பின்னால் கொழுந்தன்மார் இருவர்,
ததேயுசும் மார்சலினும்.
ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி
வாடகையைத் தனித்தனியே கொடுத்ததை
ஜன்னல் வழியே பார்த்திருந்தேன்.

கடியபட்டணம். அவள் மாப்பிள்ளை
குவைத்தில் பதினொரு வருஷம் இறால் படகில்.
நாற்பத்தொன்று முடிந்த மறுநாள்
அவனது லைஃப் ஜாக்கெட்டின் தையலைப் பிரித்தார்களாம்.
முப்பத்தேழு தாள்.
ஒவ்வொன்றிலும் ஓர் ஊசித் துளை.

எண்ணும் முன்பே தெரியும் எனக்கு,
நிறம் சொல்லிவிடும்.
ஆனாலும் எண்ணினேன்.
எதிரே மூன்று உதடுகள் கூடவே எண்ணும்போது
பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை.

"பழைய வரிசை. இத நிறுத்தியாச்சு.
அந்த ஊர் பேங்க்ல மாத்துற கெடுவும் போயாச்சு."

"கொறச்சாவது எடுக்கப்பிடாதா?" என்றார் ததேயுஸ்.
"பாதிக்கு?" என்றார் மார்சலின்.
"கால் வெலைக்கு?"
கெட்ட மீனுக்கும் சாயங்காலம் ஒரு விலை உண்டு,
கருவாட்டுக்காவது.
இதைக் காயப்போட முடியாது என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

இந்த முப்பத்தேழுக்காக
சாமியார் முன்னிலையில் இரண்டு பேச்சுவார்த்தை,
கடற்கரையில் ஓர் அடிதடி.
மார்சலினுக்கு முன்பல் இல்லாத இடத்தை
அப்போதுதான் கவனித்தேன்.
முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்ப
வானம்கூடத் தோண்டியாயிற்று.

"எங்கயும் செல்லாதா?"
அதுவரை வாய் திறக்காதவள் கேட்டாள்.
"எங்கயும்."
"அப்பம் அத எழுதித் தாங்க சாரே,
சீலும் வச்சி."

வாங்கியதற்கு பாரம் உண்டு,
கொடுத்ததற்கு உண்டு.
இதற்கு எதில் எழுத?
கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன்.
'மேற்படி தாள்கள் முப்பத்தேழும் பணம் அல்ல.
இன்றைய மதிப்பு: இல்லை.'
சீலில் மை காய்ந்திருந்தது,
இரண்டு முறை குத்த வேண்டி வந்தது.

கொழுந்தன்மாரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
ததேயுஸ் போட்டார். மார்சலின்
தாளைத் திருப்பி வெறும் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுப்
போட்டார்.
கீழே ஜெராக்ஸ் கடைக்கு இருவரையும்
அவளே அனுப்பினாள்.
"மூணு காப்பி. பைசா நான் தாரேன்."

படியில் செருப்புச் சத்தம் அடங்கியது.
ஜெபமாலை வைக்கும் பர்சைத் திறந்து
ஐந்து தாள்களைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.
புது வரிசை.
வெளிச்சத்தில் பிடித்தேன்,
அதே இடத்தில் ஊசித் துளை.

"இது செல்லும்" என்றேன், கொஞ்சம் மெதுவாக.
"தெரியும்."
ரசீது போடாமல் தர வழியில்லை என்றேன்.
"போடுங்க" என்று ஆதாரை நீட்டினாள்.
அதில் இன்னும் அவள் அப்பாவின் இனிஷியல்தான்.

ரூபாயை அவள் எண்ணவில்லை.
கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.
"செத்த நேரம் நிக்கச் சொல்லுங்க" என்று
யாரிடமோ போலச் சொல்லிவிட்டு,
செல்லாத முப்பத்தேழையும் விளிம்பு தட்டிச் சேர்த்து
ரப்பர் பேண்ட் கேட்டாள்.