எண்ணிக்கை: 1

தொட்டி நீர் இரண்டு டிகிரி.
கண்ணாடி வியர்க்காமலிருக்க
கையகல மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது.
விளக்கு சிவப்பு. சிவப்பு அதற்குத் தெரியாதாம்.
எழுதிவைத்தவர் யாரும் அதனிடம் கேட்டதில்லை.

தொயாமா விரிகுடா, அறுநூற்றுப் பத்து மீட்டர்.
இறால் கூண்டின் கயிற்றில் மாட்டிய கல்லோடு
கல்லை விடாமல் மேலே வந்தது.
ஹமதானி அதை வாளியில் போட்டு,
பையில் கட்டிய பனிக்கட்டியை மிதக்கவிட்டு,
முன்னிருக்கையில் வைத்து
பெல்ட் மாட்டி ஓட்டிவந்தார்.
"எத்தனையோ எறிஞ்சிருக்கேன்.
இது என்னைப் பாத்துச் சிரிச்சுது."

சிரிப்பில்லை அது.
கண்ணாடி உடல், காம்பு, காம்பின் மேல் வாய்.
மற்றக் கடற்பீச்சிகள்
இழுத்து, வடிகட்டி, பீச்சி,
நாளெல்லாம் கஞ்சி வடிக்கும் வீடுகள்.
இது வடிப்பதை விட்டுவிட்ட வகை.
அவ்வளவு ஆழத்தில் வடிக்க என்ன இருக்கிறது,
மேலே செத்தவற்றின் தூசியைத் தவிர?
ஆகவே வாயைத் திறந்து
ஓட்டம் வரும் பக்கம் காட்டி
இருக்கிறது.
வழிதவறிய சிற்றிறால் உதட்டைத் தாண்டினால் மூடும்.
விரட்டாது. எட்டாது.
வாயுள்ள பிள்ளை பிழைக்கும்;
சரி, பிள்ளையே வாயாக இருந்தால்?

இதற்கும் ஓர் இளமை இருந்தது.
தலைப்பிரட்டை உடல், வாலுக்குள் முதுகுநாண்,
கருவில் எனக்கும் இருந்த அதே நாண்.
துளி மூளை. மேல் எது கீழ் எது என்று சொல்ல
அதற்குள் ஒரு கல்மணி.
நீந்தியது கொஞ்ச காலம்.
பாறை கண்டதும் தலையைப் பதித்து நின்றது.
வாலைக் கரைத்துக்கொண்டது, நாணைக் கரைத்துக்கொண்டது,
வழி கேட்கத் தேவைப்பட்ட மூளையையும்
வழி முடிந்ததும் கரைத்துக்கொண்டது.
பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைச் சொல்லும்போது
யாராவது ஒருவர் தன் தலையைத் தொட்டுப் பார்ப்பார்.

பதினாறு நாள் சாப்பிடவில்லை.
பைப்பெட்டால் மெல்ல விட்டால்
கதவில்லாத வீட்டு ஈ போல
இறால் குஞ்சுகள் உள்ளே போய் வெளியே வந்தன.
வேகமாக விட்டால் மூடிக்கொண்டு கோபம்.
பதிவேட்டில் கோபம் என்று எழுதக் கூடாது.
"சுருக்கம், 22 மணி நேரம். மினேகோ" என்று எழுதினேன்.

இரவுப் பணியில் அதன் இதயத்தை எண்ணுவேன்.
ஒரு பக்கமாக நாற்பத்தொரு துடிப்பு.
நிற்கும்.
பிறகு எதிர்ப்பக்கம் தள்ளத் தொடங்கும்,
போன ரத்தம் போன வழியே திரும்ப.
அந்த நிறுத்தத்தில்
நானும் மூச்சை நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை ஏலம் கிடையாது.
டீசல் மணக்க ஹமதானி வருவார்.
"தின்னுச்சா?"
"இல்ல."
காலணி ஈரம் தரையில் இரண்டு தடமாக நிற்கும்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு, மூன்று புதன்களாக.

பதினேழாம் இரவு பம்ப் கெட்டது.
ஓடும், இருமும், நிற்கும், மறுபடி ஓடும்.
என் கையில் பாதிச் சோற்றுருண்டை;
தின்றுவிட்டுப் பார்க்கலாமென்று உட்கார்ந்தேன்.
நீர் தயங்கியது. தள்ளியது.
காலையில் விட்டு மறந்த ஒரே ஒரு குஞ்சு
அந்த இருமலில் மிதந்துவந்தது.

மேலுதடு இறங்கியது.
அவசரமில்லை, சத்தமில்லை,
யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவது போல.

பம்பை நான் பழுதுபார்க்கவில்லை.
விண்ணப்பத்தாள் இன்னும் மேசை இழுப்பறையில்.

"தின்னுச்சா?"
"தின்னுச்சு."
அவர் வாய் திறந்தது.
சொல்ல ஒன்றும் அகப்படாமல் மூடிக்கொண்டது.

இன்று வெள்ளி.
கல்லுக்குக் கீழே மணல் போல வெளிர்ப்பொடி.
லென்ஸில் பார்த்தேன்: முட்டைகள்.
சில இரண்டாகப் பிளந்திருந்தன, சில நான்காக.
தொட்டியில் வேறு யாரும் இல்லை.
முட்டையும் விந்தும் ஒரே உடம்பில்.
அயலார் யாரும் வராத ஆழத்தில்
தனக்குத் தானே போதும் என்று ஏற்பாடு.

பதிவேட்டில் ஒரு கட்டம்,
எண்ணிக்கை: 1.
அதை அடிப்பதா வேண்டாமா என்று
பேனாவைத் திறந்துவைத்திருக்கிறேன்.
பம்ப் இருமுகிறது.