பத்து விநாடி

இரவு டூட்டி முடிந்து சாவியைத் திருப்பினேன்.
டக்.
மறுபடியும் டக்.
முள்ளுக்குப் பின்னால் விளக்குகள் எல்லாம் ஒன்றாய் எரிந்து
ஒன்றாய்க் கண் சொருகின.
"படுத்துக்கிச்சா சிஸ்டர்?" என்றார் வாட்ச்மேன்.
அவரும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த
ஒரு வங்காளிப் பையனும் தள்ளினார்கள்.
செகண்ட் கியரில் உதறிக்கொண்டு எழுந்தது.
அணைக்கவே கூடாது இனி.

மணி எட்டுதான். மே மாதம்.
ஸ்டியரிங்கைத் துப்பட்டா சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

முதல் கடை ஆற்காடு ரோட்டில்.
பானெட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை.
"அஞ்சு வருஷம் கேரண்டி, கண்ண மூடிக்கினு எடுங்க."
கண்ணை மூடிக்கொண்டு
எதையும் எடுக்க முடியாத பிழைப்பு எனக்கு.
ஊசி மருந்தை வெளிச்சத்தில் திருப்பி
மாதம் வருஷம் படித்த பிறகே கழுத்தை உடைப்பேன்.
"தேதி எங்க போட்டிருக்கு?" என்றேன்.
"இன்னாம்மா, இது பால் பாக்கெட்டா?"

ஓடுகிற வண்டியோடு பாலாற்றுப் பாலம் தாண்டினேன்.
சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து
அதன் மூச்சைப் பிடித்து வைத்தேன்.

வள்ளிமலை ரோட்டில் முஜாஹித்தின் கடை.
"ஆஃப் பண்ணாதீங்க" என்றபடியே
இரண்டு ஒயரோடு குனிந்தார்.
பதினான்கு புள்ளி ஒன்று.
"ஆல்டர்னேட்டர் நல்லாருக்கு.
அது சரியில்லன்னா புதுசையும் மூணே மாசத்துல முடிச்சிடும்."
மாற்று உறுப்பு வைப்பதற்கு முன்னால்
வாங்கிக்கொள்ளும் உடம்பைப் பார்ப்பார்களே,
அப்படி.

பிறகு அணைத்தார். பன்னிரண்டரை காட்டியது.
"நல்லாத்தானே இருக்கு?"
"இப்பத்தான ஓடி வந்தீங்க, அந்தச் சூடு பேசுது.
சும்மா படுத்திருந்தா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க."
எனக்குத் தெரியும். எங்கள் வார்டே அப்படித்தான்.
டிரெட்மில்லில் ஏற்றும்போதுதான் நெஞ்சு உண்மையைச் சொல்லும்.

இரும்புப் பெட்டியின் கிடுக்கியை மாட்டி அழுத்தினார்.
கம்பி சிவந்து கருகல் வாசனை வந்தது.
பத்து விநாடி எண்ணச் சொன்னார்.
நான்கு எண்ணுவதற்குள் முள் எட்டுக்குக் கீழே.
மிச்ச ஆறையும் எண்ணி முடித்தேன்,
பழக்கம்.

மாசக் கடைசி.
ரீபில்ட் ஒன்று ஆயிரத்து எண்ணூறுக்கு இருக்கிறதாம்.
"இருக்குது. ஆனா ராத்திரி வண்டிக்கு நான் தரமாட்டேன்."
பெரிய ஆம்பியரில் ஒன்றைத் தொட்டேன்.
"தட்டுல உக்காராது."
பளபளவென்று துடைத்து முன் வரிசையில் நின்றது ஒன்று.
"அதுல பிளஸ் அந்தப் பக்கம், உங்க கேபிள் எட்டாது."
அதற்குப் பக்கத்தில் நின்றது எல்லாம் பொருந்தியது.
விளிம்பில் தடவிப் பார்த்தேன்: போன நவம்பர்.
விற்காமல் நின்றே ஆறு மாதம் கிழண்டு போயிருந்தது.

"பின்னாடி அட்டைப் பெட்டியப் பிரி" என்றார் ஏழுமலையிடம்,
என்னைப் பார்க்காமல்.
ஏப்ரல்.
அதையும் கிடுக்கியில் மாட்டி அழுத்தச் சொன்னேன்.
இந்த முறை பத்தும் எண்ணினேன்,
பத்தரையை விட்டு முள் இறங்கவில்லை.

முப்பது மாதம் முழு மாற்று,
அதன் பிறகு இருபத்தைந்து மாதம் கழித்துக்கொண்டு.
"கார்டுல அப்படித்தான் எழுதியிருக்கும்.
நம்ம ஊர் வெயிலுக்கு மூணு வருஷம்னு மனசுல வெச்சுக்கங்க.
நாலாவது வந்தா லாபம்."
அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காசு கொடுத்தேன்.
பழையதை எடைக்குப் போட்டு எழுநூறு கழித்தார்.
ஏழுமலை அதை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் போனான்.
அமிலம் பட்டு அவன் சட்டையில் ஏற்கெனவே
கடுகு கடுகாய் ஓட்டைகள்.

கார்டில் சீல் வாங்கினேன்.
வண்டி எண்ணில் ஒரு இலக்கம் தப்பு, திருத்த வைத்தேன்.
பிறகு பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து
ஒரு விரல் நீளம் கிழித்து
பேட்டரியின் தலையில் ஒட்டி
மார்க்கரால் எழுதினேன்:
இன்றைய தேதி. 9.20. என் இனிஷியல்.
கையில் ஏற்றிய ஊசிக்கு
எழுதுவது மாதிரியே.

"அதான் கார்டு இருக்குதே மேடம்" என்றார் முஜாஹித்.
அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவர்கள்
கார்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்
என்று சொல்ல நினைத்தேன்.
தூக்கம் வந்தது.
சாவியைத் திருப்பினேன்.